சரக்கு இல்லாத கடை

சென்னைப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவிலும், தில்லியின் சாவ்டி பஜாரிலும், ஐதராபாத்தின் சத்தா பஜாரிலும் திருமண அழைப்பிதழ்க் கடைகள் இன்றும் நெருக்கமாகவே நிற்கின்றன. மாதிரி அட்டைகளைப் புரட்டி, விலை பேசி, மஞ்சள் தடவிக் கொடுக்கச் சில அட்டைகளைக் கூடுதலாக அச்சிடச் சொல்லும் குடும்பங்கள் மறைந்துவிடவில்லை. ஆயினும் அதே குடும்பங்கள், நேரில் சென்று அழைக்க வேண்டிய உறவினர்களுக்கு மட்டும் அட்டையை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு படத்தையோ அரை நிமிடக் காணொளியையோ அனுப்பும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றை வரைந்து இணையத்தில் கடை விரித்திருப்பவர்கள் எங்கள் கிளைகளுக்கும் வருகிறார்கள். இல்லத்தரசிகள், ஓவியம் பயின்ற இளைஞர்கள், அச்சகத்தில் பக்கம் வடிவமைத்துப் பழகியவர்கள் எனப் பலர். தொழில் என்னவென்று கேட்டால், "தொழில் என்று ஒன்றும் இல்லை, ஓய்வு நேரத்தில் செய்கிறேன்" என்பதே பெரும்பாலும் பதில்.

இந்தப் பதிலை நாங்கள் ஏற்பதில்லை. மாதந்தோறும் பணம் ஈட்டும் உழைப்பு தொழிலே. அதைத் தொழில் என்று அவர்களே கருதாததால் நேரும் இழப்பு சிறிதன்று.

துணிக்கடைக்காரர் கடன் கேட்டால் அலமாரியில் துணி இருக்கும்; மளிகைக்கடையில் மூட்டைகள் இருக்கும். அழைப்பிதழ் வடிவம் விற்பவரிடம் காட்டுவதற்கு ஒரு கணினியும் சில கோப்புகளும்தாம் உண்டு. அவருடைய கடைக்குச் சாட்சி சொல்லக்கூடியது வரவுக் கணக்கு ஒன்றே. அந்த வரவோ வீட்டுச் சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது. கணவரின் சம்பளம், பால் பணம், சீட்டுத் தொகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு கலந்து, எது விற்பனை, எது தம்பி அனுப்பியது என்று அவருக்கே தெரியாதபடி ஆகிவிடுகிறது. நல்ல கணினி வாங்க ஒரு லட்சம் ரூபாய் தேவைப்படும் நாளில், மூன்று ஆண்டு உழைப்புக்கு மூன்று மாத ஆதாரம்கூடக் கிடைப்பதில்லை. பிணை கேட்காத முத்ரா கடன் 2015ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதன் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரையிலும் சேவைத் தொழில்களுக்கும் கடன் உண்டு. ஆனால் பிணை வேண்டாம் என்பதற்கு, வருமானத்தைக் காட்ட வேண்டாம் என்பது பொருளன்று.

தனிக் கணக்கு வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோசடிப் பணம் பல கணக்குகளைத் தாண்டிச் செல்லும்போது, அறியாமல் அதில் ஒரு பகுதியைப் பெற்றவரின் கணக்கிலும் காவல்துறையின் கோரிக்கைப்படி நிறுத்தம் விழக்கூடும். முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் பணம் பெறும் எவருக்கும் இது நேரலாம். விற்பனைச் சீட்டும் ஆர்டர் விவரமும் இருந்தால் விளக்கம் அளிப்பது எளிது. குடும்பத்துக்கு இருப்பதே அந்த ஒரு கணக்கு என்றால், விளக்கம் ஏற்கப்படும் வரை வீட்டு வாடகையும் சேர்ந்து நின்றுவிடும்.

விலை வைப்பதிலும் சொல்ல வேண்டியது உண்டு. ஒருமுறை வரைந்ததை ஆயிரம் முறை விற்கலாம், மறு உற்பத்திச் செலவே இல்லை என்று பலர் நம்பி இறங்குகிறார்கள். வணிகவியல் படித்த எங்களுக்கும் கேட்பதற்கு இனிமையான கணக்குத்தான். மணமக்கள் பெயரும் நாளும் இடமும் மட்டும் மாறும் வடிவத்துக்கு அது ஓரளவு பொருந்தும். நம் ஊர்ப் பத்திரிகை அப்படிப்பட்டதா? குலதெய்வத்தின் பெயர், இரு வீட்டுப் பாட்டனார் பாட்டியார், படிப்பு, ஊர், முகூர்த்த நேரம், தாய்மாமன், பெரியப்பா, அத்தை, சித்தப்பா என்று அது நீண்டுகொண்டே போகும். 'இறுதி' என்று அனுப்பிய பிறகுதான் ஒரு மாமாவின் பெயர் விடுபட்டது தெரியவரும். அவர் பெயர் இல்லாமல் கல்யாணம் நடக்குமா?

ஒரு வடிவத்துக்கு 400 ரூபாய் விலை என்று கொள்வோம். எழுத்துக் கோக்க ஒரு மணி நேரம், நான்கு முறை திருத்தத்துக்கு மூன்று மணி நேரம். மின்சாரமும் இணையக் கட்டணமும் போக, மணிக்கு 100 ரூபாய்கூடக் கைக்கு வராது. ஆகவே இரண்டு திருத்தங்கள் விலையில் அடங்கும், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம் என்று கடையின் முகப்பிலேயே எழுதி வைப்பது முறை. பணத்தைத் திருப்பித் தருவது எப்போது என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். இணையவழிப் பணம் பெற்றுத் தரும் நிறுவனங்கள் அதைக் கேட்கவே செய்யும். உறவினர் பட்டியலுக்கு இடம் விட்டு வரைந்த தமிழ் வடிவங்கள் வெளிநாட்டுத் தளங்களில் எளிதில் கிடைப்பதில்லை. நம்மவர்களின் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது; கட்டணம் கேட்கத் தயங்கக் கூடாததும் அதனால்தான்.

கேன்வா போன்ற தளத்திலுள்ள ஓவியத்தை அப்படியே எடுத்துத் தம்முடையதாக விற்க அந்தத் தளத்தின் உரிமம் இடம் தருவதில்லை. எழுத்துருக்களுக்கும் உரிமம் உண்டு. மீரா இனிமை, கவிவனார், பவனம் முதலிய தமிழ் எழுத்துருக்கள் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசமாகவே கிடைக்கும்போது, யாரோ அனுப்பிய பழைய எழுத்துருவை நாடுவானேன்? அதேபோல், நாமே வரைந்த ஓவியத்துக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வரைந்தவரின் வாழ்நாள் முழுதும், அதன் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு அளிக்கிறது. வரைந்த நாளைக் காட்டும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

இந்தத் தொழிலைக் கெடுக்கக்கூடிய ஒரு மோசடியும் பரவியிருக்கிறது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு ஒன்று வரும். திறந்தால் அழைப்பிதழ் இருக்காது. கைப்பேசியில் ஒரு செயலி புகுந்து குறுஞ்செய்திகளையும் ஒருமுறைக் கடவுச்சொற்களையும் படிக்கத் தொடங்கும். 2024ஆம் ஆண்டில் இமாசலப் பிரதேசக் காவல்துறை இது குறித்து எச்சரித்தது. திருமணம் என்றால் யாருக்கும் சந்தேகம் தோன்றாது என்பதே மோசடிக்காரரின் மூலதனம். நேர்மையான கடைக்காரர் தம் வடிவத்தைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ காணொளியாகவோ மட்டும் அனுப்ப வேண்டும். 'எங்கள் அழைப்பிதழைக் காண எந்தச் செயலியையும் நிறுவ வேண்டியதில்லை' என்று வாங்குபவருக்கு எழுதியும் தர வேண்டும். அழைப்பிதழைப் பெறும் வாசகர்கள் ஏ.பி.கே. என்று முடியும் எதையும் தொட வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வரியைப் பற்றி அஞ்சுவோர் பலர். சேவை வழங்குவோருக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, சில சிறப்பு வகை மாநிலங்களில் அது 10 லட்சம். சிறு தொழில்களுக்கான உத்தேச வருமான முறையில் ரொக்க விற்றுமுதலில் 8 சதவீதமும், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் இலாபமாகக் கொள்ளப்படுகின்றன. வங்கி வழியாகப் பெறுவதற்குச் சட்டமே சலுகை தருகிறது.

வருமானம் முகூர்த்தத்தைப் பின்பற்றி வருவதால் கடனின் வகையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதத் தவணைக்கு மார்கழியும் தெரியாது, ஆடியும் தெரியாது. கணினி வாங்குவதற்குத் தவணைக் கடன் சரி. அன்றாடச் செலவுக்கு, எடுத்த தொகைக்கும் எடுத்த நாட்களுக்கும் மட்டும் வட்டி செலுத்தும் மிகைப்பற்றே ஏற்றது. கிறித்தவ, இசுலாமியத் திருமணங்களுக்கும் வடிவங்கள் வைத்திருப்பவருக்கு வெறுமையான மாதங்கள் குறைவு.

ஆடியில் ஆர்டர் ஓய்ந்திருக்கும் நாட்களில் உத்யம் பதிவை முடித்துவிடலாம். ஆதார் எண்ணைக் கொண்டு மத்திய அரசின் தளத்தில் நாமே செய்துகொள்ளக்கூடிய பதிவு அது. கட்டணம் ஏதும் இல்லை, பணம் கேட்கும் தளம் அரசினுடையது அன்று. அந்தச் சான்றோடும் பான் அட்டையோடும் கிளைக்கு வந்தால் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குவது பற்றிப் பேசலாம். ஆவணி பிறந்துவிட்டால் அவர்களுக்கு நேரம் கிடைக்காது.