வாத்தை நாடுவார்க்கு எவ்வோடம் உகந்தது?

கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் புகுவோர் அதன் விலையையும் உறுதியையும் ஆராய்வரேயன்றி, அஃது எத்தொழிலின் பொருட்டு முதலில் ஆக்கப்பெற்றது என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. ஆயினும், கருவியைச் செய்தவன் கருத்து கருவியினுள்ளே மறைந்து நிற்கின்றது. அதனைக் கையாள்வோன் வேறு நோக்கம் உடையவனாயினும், கருவி தன் பழைய தொழிலையே செய்ய முற்படும். இவ்வுண்மை நீரிற் செல்லும் சிற்றோடங்களிடத்து நன்கு விளங்குகின்றது. வாத்துகளை நாடி நீர்மேற் செல்ல விரும்புவோர்க்குக் கேனோ என்னும் ஓடம் ஏற்றதா, கயாக் என்னும் ஓடம் ஏற்றதா என்ற வினா, வேட்டை வழக்கத்திலுள்ள மேனாடுகளில் அடிக்கடி எழுவது. அவ்வினாவை நமது நீலகிரி நாட்டு நீர்நிலைகளுக்குப் பொருத்திப் பார்த்து, நமக்குத் தோன்றும் அபிப்பிராயத்தை நேயர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை உணர்தல் வேண்டும். கேனோ என்பது மேற்புறம் திறந்த ஓடம். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் பூர்ச்சமரப் பட்டையை மெல்லிய மரவிலாக்களின்மேல் போர்த்து, வேர்நாரால் தைத்து, மரப்பிசினால் பொருத்துவாய்களை அடைத்து இதனை அமைத்தனர். செலுத்துவோர் முழந்தாளிட்டோ, குறுக்குப் பலகைமேல் அமர்ந்தோ, ஒருபுறம் மட்டும் இலையுடைய துடுப்பால் தள்ளுவர். இருவர் மூவர் ஏறவும், மூட்டைகளை ஏற்றவும் இதில் இடமுண்டு. கயாக் என்பதோ வடதுருவத்தையடுத்த பனிநாடுகளில் வாழும் இன்யூட் மக்களின் படைப்பு. மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்து, மேற்புறத்தையும் மூடி, ஒருவன் இடுப்பளவு நுழைந்தமர்வதற்கு மட்டும் ஒரு வாய் வைத்திருப்பர். கால்களை நீட்டி நீர்மட்டத்திற்கு அணித்தாக அமர்ந்து, இருமுனையிலும் இலையுடைய துடுப்பை இடமும் வலமும் மாற்றி வலிப்பர். 1936-ம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களிலேயே இவ்விரண்டும் தனித்தனிப் போட்டிகளாக வைக்கப்பெற்றன என்பதிலிருந்து இவை ஒன்றல்ல என்பது தெளிவாம்.

இனி, வேட்டைக்காரன் நோக்கில் இவற்றின் அனுகூலப் பிரதிகூலங்கள் யாவை? அமெரிக்க நாட்டில் வாத்து வேட்டை, பருவ வரையறையும் உரிமச்சீட்டும் உடையதாய்ச் சட்டத்துக்குட்பட்டு நடைபெறுகின்றது. 1918-ம் ஆண்டில் இயற்றப்பட்ட வலசைப் பறவைச் சட்டம் அதற்கு அடிப்படை. அந்நாட்டு வேட்டைக்காரனுக்குக் கேனோவின் பெருஞ்சிறப்பு அதன் இடவசதி. மிதக்கவிடும் பொய்வாத்துகளை மூட்டையாக ஏற்றலாம். வீழ்ந்த பறவையை நீந்திக் கொணரும் நாயையும் உடன்கொண்டு செல்லலாம். ஒருவன் துடுப்பு வலிக்க மற்றொருவன் துப்பாக்கி ஏந்தலாம். ஆயின் அதன் பக்கங்கள் உயர்ந்தவை. சுமை குறைந்தவிடத்துக் காற்று அதனைச் சருகுபோல் அடித்துச் செல்லும். தொலைவிலிருந்தே பறவையின் கண்ணிற் படும். கயாக்கோ காற்றுக்கு எளிதில் அசையாது. நாணற் புதரினூடே ஓசையின்றி நுழையும். முழங்காலளவு நீரிலும் செல்லும். ஆனால் அதில் நாய்க்கும் மூட்டைக்கும் இடமில்லை. கால்கள் சிறைப்பட்டிருத்தலால் அமர்ந்தோன் திரும்பிச் சுடல் அரிது. பக்கவாட்டில் சுட்டால் துப்பாக்கியின் எதிருதையே ஓடத்தைக் கவிழ்த்துவிடக் கூடும். எனவே, துணையோடும் சுமையோடும் செல்வோன் கேனோவையும், குறுகிய ஓடைகளில் தனித்துச் செல்வோன் கயாக்கையும் கொள்வது நியாயம் என்று வேட்டைக்காரர் தீர்ப்பளிப்பர். அத்தீர்ப்பு அந்நாட்டளவில் பொருத்தமானதே.

ஆனால் நமது நாட்டில் அத்தீர்ப்பு செல்லாது. ஏனெனின், இங்கே துப்பாக்கி இவ்விவகாரத்தினின்று நீக்கப்பட்டுவிட்டது. அஃது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. நீலகிரியில் வேட்டையாடிய ஆங்கிலேயர், தாம் கொன்று குவித்த வேகத்தைக் கண்டு தாமே அஞ்சி, 1877-ம் ஆண்டில் வேட்டைப் பிராணிகளைக் காக்க ஒரு சங்கம் கூட்டினர். 1879-ம் ஆண்டில் சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. இன்ன பருவத்தில் வேட்டை கூடாது என்னும் வரம்பு இம்மலைகளில் அன்றே பிறந்தது. வரம்பில்லாத இடத்து விளைந்தது யாது என்பதற்கு ராஜபுதனத்துப் பரத்பூர் சான்று. அங்குள்ள ஏரியில் 1938-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அத்தொகை அவ்விடத்திலேயே கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பெருமைக்கெனப் பொறித்த அவ்வெழுத்தை இன்று காண்போர் பெருமையாகக் கொள்வதில்லை. அவ்வேரியே பின்னர்த் தேசியப் பூங்காவாகி, 1985-ம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மிகவும் சுருக்கிற்று. 1991-ம் ஆண்டின் திருத்தம் உரிமச்சீட்டு பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டது. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்படும் ஆயுதம் மட்டுமன்றி, ஓடமும் அரசாங்கத்தின் உடைமையாகும் என்பதும் அச்சட்டத்தின் விதி. ஆகவே, ‘வாத்து வேட்டைக்கு எவ்வோடம்’ என்று நம் நாட்டில் வினவுவார்க்கு, ‘எவ்வோடமும் அன்று’ என்பதே நேர்விடை.

இவ்வளவோடு விஷயம் முடிந்தது என்று எண்ணற்க. துப்பாக்கி போயினும் வாத்தை நாடும் ஆசை போகவில்லை. கண்ணாலும் தொலைநோக்கியாலும் புகைப்படப் பெட்டியாலும் அப்பறவைகளை வேட்டையாடும் கூட்டம் இப்போது நாடோறும் பெருகி வருகின்றது. காற்றடைத்து விரிக்கும் கயாக்குகளும் கடைகளிற் கிடைக்கின்றன. உயிர்க்கொலை இல்லாத இப்பொழுதுபோக்கிற்கு எவ்வோடம் ஏற்றது என்பதே நமக்குரிய வினா. கயாக்கே ஏற்றது என்பது பலர் கொள்கை. சிறிது, தாழ்ந்தது, ஓசையற்றது. ஆதலின் பறவைக்குத் தொல்லை தராது என்பர். நாம் இதற்கு மாறுபடுகின்றோம்.

இன்யூட் வேடன் கயாக்கைத் தாழ்வாக அமைத்தது ஏன்? கடல்நாயும் பறவையும் தன்னைக் காணாமுன் எறிபடையின் எல்லைக்குள் தான் சென்றுசேர வேண்டும் என்பதற்காகவே. இங்கிலாந்தில் பெருந்துப்பாக்கி பொருத்திய தட்டையான வேட்டைப் படகைத் தாழ்வாக அமைத்ததும் அக்காரணம் பற்றியே. தெரியாமல் நெருங்குதல் வேடனுக்குக் குணம். காண வருவோனுக்கோ அது குற்றம். தொலைவில் வரும் ஓடத்தைக் கண்ட வாத்து, தலை நிமிர்த்தி நோக்கி, மெல்ல நீந்தி விலகும். அதற்கு அதிக நஷ்டமில்லை. இருபது முழத்தில் திடீரென்று தோன்றும் உருவத்தைக் கண்டாலோ, கூட்டம் முழுவதும் ஒருங்கே அலறிப் பறக்கும். குளிர்காலத்தில் வடதிசையினின்று நம் நாட்டிற்கு வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலியன, வேனிற்காலத்துத் திரும்பும் நெடும்பயணத்திற்கு வேண்டும் கொழுப்பை இங்கே மேய்ந்துதான் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை அஞ்சிப் பறத்தலும் சேர்த்த முதலைச் செலவழித்தலேயாம். மேயும் வேளையும் அதனால் வீணாகின்றது. மேலும், இவ்வாத்துகளிற் பல தலையை நீருள் கவிழ்த்து மேய்வன. ஆதலின் ஆழமில்லாத கரையோர நீரே அவற்றிற்கு உணவுக்களம். மோட்டார்ப் படகு அங்கே நுழையாது. கயாக்கோ அங்கேதான் நுழையும். பறவைக்கு எஞ்சியிருந்த அடைக்கலத்தையும் அது திறந்துவிடுகின்றது.

நமது மலைநாட்டின் நிலைமையை இனி நோக்குவோம். முதுமலைக் காட்டின் ஓரத்தே கூடலூர்ப் பகுதியில் அமைந்த ஸ்ரீமதுரை போன்ற ஊர்களில், குன்றுகளுக்கு இடையே தாழ்ந்த நெல்வயல்கள் உள்ளன. இத்தகைய வயல்நீரிலும் குட்டைகளிலும் வாத்தைக் காண விரும்புவோர்க்கு ஓடமே வேண்டுவதில்லை. வரப்பும் பொறுமையும் போதும். ஓடம் பற்றிய பேச்சு எழுவது மேல்நிலத்து நீர்த்தேக்கங்களைக் குறித்தே. உதகை ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் துரையால் அமைக்கப்பெற்றது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. அவலாஞ்சி, எமரால்டு அணைகள் குந்தா நீர்மின் திட்டத்தைச் சேர்ந்தவை. அத்திட்டம் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாடு அளித்த உதவியால் நிறைவேறியது. கேனோவின் தாயகமாகிய கனடாவே இந்நீர்ப்பரப்புகள் உண்டாகத் துணைநின்றமை ஒரு சுவையான பொருத்தம். இவை கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தே உள்ளன. இவற்றின் கரைகள் பெரும்பாலும் செங்குத்தானவை. நீர் ஆழமும் குளிர்ச்சியும் உடையது. பள்ளத்தாக்கு வழியே காற்று திடீரெனப் பாயும். தனியொருவனாய்க் கயாக்கிற் சென்று கவிழ்ந்தோன், கரை அண்மையிலிருப்பினும் குளிர்நீரால் கைகால் விறைத்து மாள நேரும். இருவர் செல்லும் கேனோவில் ஒருவர்க்கொருவர் துணையுண்டு. எவ்வோடமாயினும் உரிய அதிகாரிகளின் அனுமதியும் மிதவைச் சட்டையும் இன்றி நீரில் இறங்குதல் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

‘நமக்கென ஓடமில்லையா, பிறநாட்டு ஓடங்களை ஏன் ஆராய வேண்டும்?’ என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். நல்ல வினாவே. ஓடம், தோணி, வள்ளம், புணை, தெப்பம் என நம் பாஷையில் இவற்றிற்குப் பெயர்கள் பல. நமது கட்டுமரமோ தன் பெயரை ஆங்கிலத்திற்கும் ஈந்துள்ளது. நீலகிரி ஜில்லாவிலேயே, மோயாற்றங்கரையிலுள்ள தெங்குமரஹாடா ஊரார் ஆற்றைக் கடக்க நெடுங்காலமாகப் பரிசலையே நம்பி வந்திருக்கின்றனர். மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் பிற்காலத்தில் தாரிட்ட படங்கும் போர்த்திய அவ்வெளிய கலம், ஆழமற்ற பாறையாற்றுக்கு மிகவும் இசைந்தது; தோளில் தூக்கிச் செல்லவும் கூடும். பறவையைக் காண்பார்க்கும் அதனால் ஒரு நன்மையுண்டு: அது விரைந்து செல்லாது, ஒளிந்தும் செல்லாது. ஆயினும் அகன்ற நீர்த்தேக்கத்தில் காற்றெழுந்தால் பரிசல் சுழலும். பழகிய பரிசற்காரரின்றி மாணவர் அதில் ஏறுதல் தகாது.

‘ஒரு பறவை எழுந்து பறப்பதனால் என்ன கேடு விளைந்துவிடும்?’ என்பது மற்றோர் ஆக்ஷேபணை. ஒருவர் ஒரு நாள் எழுப்பினால் கேடு சிறிதே. விடுமுறை நாளில் பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, ஒவ்வொருவரும் ஒரே கூட்டத்தைக் கலைத்தால் என்னாகும்? ஒவ்வொருவனும் தான் ஒன்றும் செய்யவில்லை என்றே வீடு திரும்புவான். பறவையோ அந்நீர்நிலையையே துறந்துவிடும். துப்பாக்கிக்காரன் கொன்றதற்குக் கணக்கேனும் இருந்தது. கலைத்ததற்குக் கணக்கு இல்லை. நற்கருத்துடையோரே இத்தீங்கைச் செய்கின்றனர் என்பதுதான் இதன் கொடுமை.

செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டி. அவ்வூரார் தம் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தம் வயல்களுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். துப்பாக்கி ஏந்தி வந்தோரால் பறவைகள் மடியக்கண்டு அவர்கள் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் துரை 1798-ம் ஆண்டில் அவர்களது காவலுரிமையை ஏற்றார் என்பர். இன்று அங்கே பறவைகளைக் காணச் செல்வோர் ஏரிக்கரைமேல் நின்றும், கோபுரத்தின்மேல் ஏறியும் காண்கின்றனர். நீரில் ஓடம் விட்டு நெருங்காமையால் அவர்கள் காணும் காட்சி குறைந்துவிடவில்லை. அஞ்சாத பறவை மேய்வதும், சிறகு கோதுவதும், குஞ்சுக்கு ஊட்டுவதும் அவர்கள் கண்முன்னே நிகழ்கின்றன. அஞ்சிய பறவையிடம் நாம் காண்பது அதன் வாற்புறம் ஒன்றே.

ஆகவே நமது துணிபு இது. வேட்டைக்கு இந்நாட்டில் எவ்வோடமும் இல்லை. பறவைகள் இனம்பெருக்கும் இடத்திலும், கூட்டமாக இராத்தங்கும் இடத்திலும், நாணலடர்ந்த கரையோரத்திலும் ஓடமே கூடாது. கரையே சிறந்த ஓடம். அகன்ற நீர்த்தேக்கத்தில், அனுமதி பெற்ற எல்லைக்குள், நீர்மேற் சென்றே தீரவேண்டும் என்பார் கேனோவைக் கொள்க. அது தொலைவிலேயே பறவைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும், இருவரைத் தாங்கும், நடுநீரில் நின்று பொறுமையாய் நோக்க இடந்தரும். கயாக்கைப் பழிப்பது நமது நோக்கமன்று. பாயும் ஆற்றிலும் பந்தயத்திலும் அதற்கு இணையில்லை. பறவையில்லாத நீரில் இளைஞர் அதனை உவந்து பயில்க. ஆனால் வேடன் தன்னை மறைத்துக்கொள்ள வகுத்த ஓடத்தில் ஏறி, ‘நான் வேடனல்லேன்’ என்று சொல்வதைப் பறவை எங்ஙனம் அறியும்? நாம் யார் என்பதை அது நம் சொல்லால் அறிவதில்லை. நாம் விட்டு நிற்கும் தொலைவினாலேயே அறிகின்றது.