ஏறிய சந்தையில் ஏமாறாதிருப்போம்!



வீரபாண்டி டீக்கடைகளில் முன்பெல்லாம் நூல் விலைதான் முதல் பேச்சு. இப்போது சென்செக்ஸ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சந்தை வேகமாக ஏறிவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் வரைபடத்தைக் காட்டி, "சிக்னல் வந்துடுச்சுங்கப்பா, மில்லுக்குக் கட்டற பணத்தைப் பத்து நாளைக்குப் போட்டு எடுத்துக்கலாம்" என்கிறார்கள். இதுபற்றி நம் அனுபவத்தைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

சிக்னல் பொய் என்று நாம் கூறவில்லை. ஆர்.எஸ்.ஐ. என்னும் அளவுகோல், பொதுவாக 14 நாள் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு 0 முதல் 100க்குள் ஓர் எண்ணைத் தரும். 70ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள் என்று பொருள். ஆனால், வேகமாக ஏறும் சந்தையில் அது பல நாட்கள் 70க்கு மேலேயே நிற்பதுண்டு. காய்ச்சல் இருப்பதைத் தெர்மாமீட்டர் காட்டும்; என்றைக்கு இறங்கும் என்று சொல்லாது.

அடுத்தது 200 நாள் சராசரி. விலை அதைவிட்டு வெகுதூரம் மேலே போவது, இழுத்துப் பிடித்த எலாஸ்டிக் போன்றது. மூன்றாவது வால்யூம். விலை ஏற ஏறக் கைமாறும் பங்குகள் குறைந்தால், சரக்கு நகராமல் விலைப்பட்டியல் மட்டும் ஏறுவதற்குச் சமம். 2022 மே மாதம் நூல் விலை கிலோவுக்கு 40 ரூபாய் ஏறியதும், திருப்பூரே கடையடைத்ததும், பிறகு விலை இறங்கியதும் நாம் அறிந்ததே. உச்ச விலையில் ஸ்டாக் செய்தவர் கதி என்ன?

1992 ஜனவரி தொடக்கத்தில் 2,000ஐ எட்டாதிருந்த சென்செக்ஸ், ஏப்ரல் 22 அன்று 4,467ஐத் தொட்டது. ஏற்றத்தைப் பார்த்து, நூல் பாக்கிக்கு வைத்திருந்த பணத்தை நாமும் பங்கில் போட்டோம். அந்த வாரமே ஹர்ஷத் மேத்தா விவகாரம் வெளிவந்தது. ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 570 புள்ளிகள் சரிந்தன. வங்கி ரசீது மோசடி எந்த வரைபடத்திலும் தெரியவில்லை. பாக்கியை அடைக்க வீட்டு நகைதான் அடகுக்குப் போனது. ஓர் ஆண்டில் சென்செக்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்" என்பார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நட்டமடைந்ததாகச் செபியே 2024 செப்டம்பரில் தெரிவித்துள்ளது. அவர்களில் வரைபடம் பார்த்தவர்கள் எத்தனை பேரோ!

ஆகவே, மூன்று சிக்னலும் சூட்டைக் காட்டினால் புதிதாக இறங்க வேண்டாம். ஏற்கெனவே உள்ளவர்கள் போட்ட முதலையாவது வெளியே எடுத்துவிடலாம். கடை முதல் வேறு, மிச்சப் பணம் வேறு என்று கணக்கைப் பிரித்து வையுங்கள். மில் பில்லுக்குத் தவணை தேதி உண்டு. சந்தை திரும்புவதற்குத் தேதி கிடையாது. இன்றிரவே கணக்கு நோட்டுடன் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசுங்கள்.