கால் தடுக்கும் கொசுவம்

எனக்குச் சொந்த ஊர் கோபிநத்தம். மாதேசுவரன் மலைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரியும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் வீரப்பனைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் இங்கே சொல்ல வந்தது என் ஆயாவின் சேலைக் கட்டைப் பற்றி. பாட்டியை எங்கள் பக்கம் ஆயா என்போம்.

ஆயா கடைசிவரை பின்கொசுவம் வைத்துத்தான் கட்டினாள். கணுக்காலுக்கு மேலே நிற்கும் கட்டு. கொசுவம் பின்பக்கம் போய்விடுவதால் முன்னால் கால் தடுக்க ஒன்றும் இராது. அந்தக் கட்டிலேயே களை எடுத்தாள், விறகு சுமந்தாள், மேடு ஏறினாள். உடம்பு கேட்டதை உடுத்தினாள்.

கல்யாணமாகி மைசூர் வந்த நான் அதைப் பட்டிக்காட்டுக் கட்டு என்று கைவிட்டேன். பாதம் மறையும் முன்கொசுவமே தமிழ்ப் பெண்ணுக்கு அடையாளம் என்று நம்பினேன். உள்பாவாடை, ரவிக்கையோடு சேலை உடுத்தும் வழக்கத்தை 1860-களுக்குப் பின் பரப்பியவர்களில் ஒருவர் இரவீந்திரநாத் தாகூரின் அண்ணி ஞானதானந்தினி தேவி என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

66 வயதில் ஒரு கல்யாண மண்டபத்துப் படியில் இறங்கும்போது, கனத்த காஞ்சிபுரம் பட்டின் கொசுவத்தை நானே மிதித்து விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. ரவிக்கையின் பின்பக்க ஊக்குக்குக் கை எட்டவில்லை. மகள் ஐந்து நைட்டி வாங்கி வந்து, "இனிமே இதாம்மா உனக்கு" என்றாள்.

அவள் அன்பில் குறையில்லை. ஆனால் வாசலில் ஆள் அரவம் கேட்டாலே துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினேன். கோயிலும் கடைவீதியும் நின்று போயின. கை முறிந்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது.

பிறகு நானே யோசித்து ஒவ்வொன்றாக மாற்றினேன். ரவிக்கைக்கு முன்பக்க ஊக்கு வைத்தேன். கொசுவத்தைத் தைத்துக் கணுக்கால் உயரத்துக்கு நிறுத்தினேன். விசேஷங்களுக்குக் கனமில்லாத மைசூர்ப் பட்டு. 1912-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பட்டு ஆலை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு அதை உடுத்த எனக்கு இத்தனை காலமாயிற்று! நடைக்கும் வெளிவேலைக்கும் சுடிதார். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால், பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு. வயதாக ஆகப் பாதம் அகலும்; மாலையில் சற்று வீங்கவும் செய்யும். ஆகவே பழைய நம்பரையே கேட்காமல், மாலை வேளையில் அளந்து வாங்குவது நல்லது.

இந்தக் கோலத்தில் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு வந்தேன். "என்னக்கா, இந்த வயசுல சுடிதாரா?" என்றார் ஒரு சகோதரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எத்தனை பெண்கள் தடுக்கி விழும் சேலையோடு போராடுகிறார்கள், எத்தனை பேர் வீட்டோடு முடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு அடையாளம் போய்விடுமோ என்ற அச்சம் இருப்பது இயல்பே. ஆனால் நாலு பேர் கூடித் தமிழில் பேசினால்தானே தமிழ் நிற்கும்? அதற்கு முதலில் வீட்டை விட்டு இறங்க முடிய வேண்டும்.

ஆண்களும் விதிவிலக்கல்ல. தடி பிடிக்க வெட்கப்பட்டு, வெயிலோ மழையோ இல்லாத நாளில் குடையை ஊன்றி நடக்கிறார் என் கணவர். குடையின் இரும்பு முனை வழுக்கும். தடியின் அடியில் ரப்பர் உண்டு. அதையும் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இடுப்பில் நிற்காத வேட்டிக்கு ஒட்டும் பட்டை வைத்த வேட்டி கடையில் கிடைக்கிறது. அதை அணிந்தால் மானம் போய்விடாது. நடுச் சபையில் வேட்டி நழுவினால்தான் போகும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வசதிக்கு ஏற்றதை வாங்கி வந்து எங்களுக்கு மாட்டிவிடாதீர்கள். கடைக்குக் கூட்டிப் போங்கள். எது எட்டுகிறது, எது இறுக்குகிறது, எதை உடுத்தினால் நாலு பேர் முன் நிற்கத் துணிவு வருகிறது என்று எங்களையே கேளுங்கள்.

அடுத்த பொங்கலுக்கும் நான் சுடிதாரில்தான் வருவேன். கேள்வி கேட்ட சகோதரிக்கும் முட்டி வலி என்று அறிந்தேன். அவர் பக்கத்திலேயே எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.