எதிரணியும் வேண்டும்

1975 மார்ச்சில் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண ஹொக்கி இறுதியாட்டத்தை வானொலி வர்ணனையில் கேட்டபோது நான் சிறுவன். அசோக் குமார் அடித்த கோலினால் இந்தியா 2-1 என்று பாகிஸ்தானை வென்றது. தியான் சந்தின் மகனான அவரே அன்று முதல் என் நாயகன். பாகிஸ்தான் வீரர்கள் அனைவரும் பகைவர்கள்.

1982 இல் டில்லி ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் பாகிஸ்தான் 7-1 என்று வென்றது. ஹசன் சர்தாரின் பெயரைக் கேட்கவே வெறுத்தேன். பின்னர் தமிழ்ப் பெற்றோரின் மகனான தன்ராஜ் பிள்ளை வந்தார். அவர் காலத்து எதிரணியில் ஷாபாஸ் அஹமட். பந்துடன் ஷாபாஸ் விரையும் அழகைக் கண்டபோது, என்னையறியாமலே கைதட்டினேன்.

2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா பாகிஸ்தானை 10-2 என்று வென்றது. 1982 இன் கணக்குத் தீர்ந்தது என்று நண்பர்கள் மகிழ்ந்தனர். எனக்கு மனம் கனத்தது. ரியோ, டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தகுதி பெறாத அணி அது. 2024 பரிஸுக்கும் தகுதி பெறவில்லை. நான் அஞ்சிய பாகிஸ்தான் எங்கே?

இன்றைய இளைஞர்களுக்கு ஸ்ரீஜேஷும் ஹர்மன்பிரீத் சிங்கும் நாயகர்கள். ஜேர்மனியும் பெல்ஜியமும் எதிரிகள். டோக்கியோவிலும் பரிஸிலும் இந்தியா வென்ற வெண்கலங்கள் எனக்கும் பெருமையே.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எதிரணியின் வீழ்ச்சியைக் கொண்டாடுபவன் ஆட்டத்தின் ரசிகன் அல்லன். என் நாயகர்களைப் பெரியவர்களாக்கியவர்கள், நான் வெறுத்த அந்த வீரர்களே. பாகிஸ்தான் ஹொக்கி மீண்டெழ வேண்டும். அதன்பின் இந்தியா வெல்லட்டும்.