சாண் என்ன, முழம் என்ன?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். மனிதனுக்கு அது பொருந்தலாம். மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது. மும்பை மழையில் ஒரு சாண் உயரந்தான் வண்டியின் உயிர். இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. என் அத்தானின் வண்டியைக் கெடுத்து அறிந்தேன்.

அத்தான் மாதுங்காவில் குடியிருப்பவர். ஊர் சுற்றி மருந்து விற்கும் உத்தியோகம். பல ஆண்டுச் சேமிப்பில் பழைய கார் ஒன்றை வாங்கினார். உதிரிபாகக் கடைக்காரர் ஒருவர், "கம்பெனி வைத்த ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவப் பில்டர் ஒன்றைக் குழாயோடு பம்பருக்குள் இறக்கி மாட்டினால் வண்டி பறக்கும்" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, நீ பௌதிகம் படிக்கிறாயே, இது மெய்தானா?"

எம்.எஸ்ஸி. மாணவன் சும்மா இருப்பானா? குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி மிகுதி; அடர்ந்த காற்றில் பிராணவாயு மிகுதி; ஆகவே பெட்ரோல் மிகுதியாக எரியும், ஆற்றல் பெருகும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கில் பிழை இல்லை. காற்றின் உஷ்ணம் 10 டிகிரி குறைந்தால் அடர்த்தி நூற்றுக்கு 3 பங்குக்குச் சற்று மேல் கூடத்தான் செய்யும். ஆனால், கம்பெனிப் பெட்டியும் பெரும்பாலான வண்டிகளில் வெளிக்காற்றைத்தான் உறிஞ்சுகிறது. அதுவும் பானெட்டின் முன்விளிம்பருகே, உயரத்திலிருந்து உறிஞ்சுகிறது. அந்த உயரம் எதற்காக என்று நான் கேட்கவில்லை.

விடை ஜூலை மாதத்தில் வந்தது. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவுத் தண்ணீர். மெல்லத்தான் போனோம். எதிரே வந்த பஸ் ஓர் அலையைத் தள்ளியது. வண்டி ஒருமுறை இருமி நின்றுவிட்டது. அத்தான் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "இன்னும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், அத்தான்" என்று சொன்னவன் நான். திருப்பினார். என்ஜின் ஒரு கணம் உயிர் பெற்றது. மறுகணம் 'டக்' என்றோர் ஓசை. கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது என்று மறுநாள் மெக்கானிக் சொன்னார்.

நடந்தது என்ன? நாலு சிலிண்டர் உள்ள 1200 சி.சி. என்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 300 சி.சி. அழுத்த விகிதம் 10 என்றால், பிஸ்டன் மேலே ஏறி முடிந்ததும் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 33 சி.சி. இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் போதும், அதை நிரப்பிவிட! காற்று அழுத்தினால் சுருங்கும். தண்ணீரோ, நூற்றில் ஒரு பங்கு சுருங்குவதற்கே 200 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் கேட்கும். அது வழிவிடாது, இரும்புதான் வளைய வேண்டும்.

"நீர் ஒட்டாத துணியுறை ஒன்றைப் பில்டருக்குப் போட்டுவிட்டால் போயிற்று" என்பார்கள் சிலர். மழைச் சாரலுக்கும் சக்கரம் வாரி இறைக்கும் துளிகளுக்கும் அந்த உறை நல்ல காவல். பில்டர் முழுகிவிட்டால் அது காவல் ஆகாது. 3000 சுற்றில் முழு வேகத்தில் ஓடும் அந்த என்ஜின் நொடிக்கு ஏறக்குறைய 30 லிட்டர் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பின் முன் துணி என்ன செய்யும்? குழாயின் மேற்பகுதியில் மாற்றுவழி வால்வு ஒன்று வைக்கலாம். கீழே பில்டர் அடைபட்டால் மேலிருந்து காற்று வரும். ஆனால் டர்போ வண்டிகளுக்கு அது ஏற்றதன்று. வெள்ளம் வால்வையும் தொட்டுவிட்டால் யாருக்கும் பயனில்லை.

ஆகவே என் கருத்து இது. மழை நகரத்தில் காற்றுக்குழாயின் வாயைக் கீழே இறக்குவது அறிவுடைமை ஆகாது. ஆசை விடவில்லையென்றால் பானெட்டுக்குள்ளேயே உயரத்தில் வைத்து, என்ஜின் சூடு தாக்காதபடி தகடு அடைத்து, அடியில் நீர் வடியத் துளையும் விடுங்கள். அதுவும் இயலாதென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பழைய பெட்டியையே மாட்டி வையுங்கள். சில கிளிப்புகளும் திருகுகளும் தவிர அதில் பெரிய வித்தை இல்லை. "எட்டு மாதமாவது பறக்கலாமே" என்பவர்களுக்கு மறுப்புச் சொல்ல மாட்டேன். நம் சாலை நெரிசலில் எங்கே பறப்பார்கள் என்று மட்டும் கேட்பேன்.

வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இழுத்துக்கொண்டு போய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றவை. இன்சூரன்சு இருக்கிறதே என்று துணியவும் வேண்டா. நீர் புகுந்து என்ஜின் உடைந்தால் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும்; என்ஜினுக்கெனத் தனி இணைப்பு வேண்டும். வண்டியில் செய்த மாற்றத்தை முன்கூட்டித் தெரிவிக்காவிட்டால் அதுவும் சிக்கல்.

வண்டியைக் காட்டிலும் பெரிது உயிர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நீரில் நின்ற காருக்குள்ளேயே சிக்கி மாண்டவர்களும் உண்டு. நீர் உயர்ந்தால் வண்டியை விட்டு இறங்கிவிடுவதே முறை.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, நான் சிரிக்கமாட்டேன். உயரத்தின் அருமையை அவர்கள் அறிந்திருந்தார்கள். அடர்த்தி அறிந்த நான் அதை அறியவில்லை.

அத்தான் இன்றுவரை என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மூன்று மாதம் ரயிலிலும் பஸ்ஸிலும் மருந்துப் பையைச் சுமந்தார். அக்காள்தான் ஒருநாள், "ஏண்டா, உன் கணக்கில் மழையே பெய்யாதா?" என்று கேட்டாள். நண்பர்களே, விஞ்ஞானம் படிக்கும் நம் ஒவ்வொருவரையும் நோக்கிய கேள்வி அது. அடுத்தமுறை யாராவது ஒரு குழாயைக் காட்டி 'வண்டி பறக்கும்' என்றால், காகிதத்தைத் தேடாதீர்கள். அளவு நாடாவை எடுத்து, தரையிலிருந்து அதன் வாய் எத்தனை சாண் என்று அளந்து பாருங்கள்.