வலியைப் பேசினால் வலி கூடுமா?

தீராத வலியோடு வாழும் பத்துப் பேரை ஓர் அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? "ஒருத்தர் கதையை ஒருத்தர் கேட்டு, இருக்கிற வலியும் ரெண்டு மடங்காகும்" என்பார்கள் பலர். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் தவறு, வலிக்காரரை வீட்டுக்குள்ளேயே வாய்மூட வைத்துவிடுகிற தவறு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் 1970களின் இறுதியில் மூட்டுவாதக்காரர்களுக்கென ஒரு குழுப் பயிற்சியைத் தொடங்கினார். வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம், ஆறு வாரம். நடத்தியவர்களில் பலர் மூட்டுவலியை அனுபவித்த சாதாரண மனிதர்கள்.

இத்தகைய குழுவில் புலம்பிக்கொண்டே இருக்க முடியாது. ஒவ்வொருவரும் வரும் வாரத்துக்கு ஒரு திட்டம் சொல்லியாக வேண்டும். "இனிமேல் நிறைய நடப்பேன்" என்றால் போதாது. எவ்வளவு தூரம்? எந்தெந்தக் கிழமை? காலையா, மாலையா? செய்து முடிப்போம் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஏழுக்குக் கீழே என்றால் திட்டத்தைச் சுருக்க வேண்டும். தெருக்கோடிவரை என்றவர் நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பினால் போதும். அடுத்த வாரம் அதே அறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால், அதே வலியுள்ள இன்னொருவர் தாம் சமாளித்த வழியைச் சொல்வார். மருத்துவர் சொல்லி மனதில் ஏறாதது அப்போது ஏறும்.

1993இல் வெளியான ஆய்வில், லோரிக்கின் பயிற்சி முடிந்து 4 ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் சேர்ந்த மூட்டுவாதக்காரர்களின் வலி சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவரிடம் போவதும் 40 சதவீதம் குறைந்தது. இதே காலத்தில் உடல் இயலாமை 9 சதவீதம் கூடியிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உடல் தளர்ந்துகொண்டே போக, வலி இறங்கியிருக்கிறது! பேசினால் வலி வளரும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கனடாவில் செவிலியர் பேராசிரியர் சாண்ட்ரா லஃபோர்ட் இந்தப் பயிற்சியை எல்லா வகை நாட்பட்ட வலிக்கும் ஏற்றபடி மாற்றினார். 110 பேரை வைத்து அவர் செய்த சோதனை 1998இல் வெளியானது. அதிலும் பலன் தெரிந்தது.

குழுவில் சேர்ந்தால் வலி ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். எல்லாருக்கும் ஒரேபோல் பலன் கிடைப்பதில்லை. மருந்தையும் பிசியோதெரபியையும் விட்டுவிடச் சொல்லும் ஏற்பாடும் இது இல்லை.

பலன் எங்கிருந்து வந்தது என்று லோரிக் தேடியபோது, அதிகம் உடற்பயிற்சி செய்தவர்களே அதிகம் தேறினார்கள் என்று சொல்ல முடியவில்லை. தேறியவர்களிடம் கூடியிருந்தது, "என் வலியை நான் ஓரளவு கையாள முடியும்" என்ற நம்பிக்கை. "அதைப் பேசாதே, மறந்துவிடு" என்று வீட்டார் சொல்லும்போது, அந்த நம்பிக்கை துளிர்க்கும் இடத்தைத்தான் அடைத்துவிடுகிறார்கள்.