பல் பிடுங்கப் போகுமுன் இருதயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்

பல்லுக்கும் இருதயத்துக்கும் என்ன தொடர்பு என்று நம்மில் பலர் கேட்கலாம். எல்லோர் வாயிலும் கிருமிகள் உண்டு. பல் பிடுங்கும்போதும், இறுகிப் படிந்த ஊத்தையைச் சுரண்டும்போதும் முரசு காயப்பட்டு அவை இரத்தத்தில் கலக்கின்றன. ஆரோக்கியமான இருதயத்துக்கு இதனால் கெடுதல் வருவது மிக அரிது. ஆனால் பழுதான வால்வோ செயற்கை வால்வோ இருந்தால், கிருமிகள் அதில் ஒட்டிப் பெருகக்கூடும். அது உயிராபத்தான நோய். பல கிழமைகள் வைத்தியசாலையில் தங்கி மருந்து ஏற்ற வேண்டிவரும்.

இதைத் தடுப்பது பற்றிப் பல் வைத்தியம் படிக்கும் மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று இந்தியா உட்படப் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிகிறது. யாருக்கு, எந்தச் சிகிச்சைக்கு என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது, விதிகளே மாறிவிட்டன. முன்னர் பலவகை வால்வுப் பழுதுகளுக்கும் மருந்து கொடுத்தார்கள். 2007இல் அமெரிக்க இருதயச் சங்கம், செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு இந்நோய் வந்தவர்கள், சில பிறவி இருதய நோயுள்ளவர்கள் என ஆபத்துக் கூடியவர்களுக்கு மட்டும் போதும் என்றது. வாதக்காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள் அதில் இல்லை. அவுஸ்திரேலியாவிலோ ஆபத்துக் கூடிய சமூகங்களில் அவர்களுக்கும் கொடுக்கிறார்கள். எனவே உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை இருதயக் கிளினிக் வைத்தியரிடமே கேட்டு, கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

"மூன்று கிழமைக்கொருக்கா பெனிசிலின் ஊசி போடுறம்தானே, அது காணும்" என்று நினைக்கும் தாய்மார் உண்டு. அந்த ஊசி வாதக்காய்ச்சல் திரும்ப வராமல் தடுப்பதற்கானது. பல் பிடுங்குவதற்கு முன் கொடுப்பது வேறு. வழமையாகப் பெரியவர்களுக்கு அமொக்சிசிலின் 2 கிராம், ஒரே தடவை, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். ஊசி போட்டுவருபவர்களின் வாய்க்கிருமிகள் பெனிசிலின் வகைக்கு அடங்காமலும் போகலாம் என்பதால், வைத்தியர் வேறு மருந்தைத் தெரிவு செய்வார். ஆகவே ஊசி போடுவதையும் சொல்ல வேண்டும். பெனிசிலின் ஒவ்வாதென்றால் அதையும்தான். பால்பல் தானாக விழுவதற்கு இந்த மருந்து தேவையில்லை.

இன்னொன்று. குமர்ப்பிள்ளைக்கு இருதய வருத்தம் என்றால் கலியாணம் குழம்பும் என்று மறைக்கிறோம். பக்கத்து வாங்கில் ஊரவர் இருக்க, பல் வைத்தியர் கேட்டாலும் "ஒண்டுமில்லை" என்கிறோம். நன்றாகப் படித்த வைத்தியரால்கூட, சொல்லாத நோயைக் கண்டுபிடிக்க முடியாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. மண்டூரிலிருந்து வாவி கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போகிறவர்கள் கிளினிக் கொப்பியை மறக்காதீர்கள். அது இல்லாமல் திரும்பினால் ஒரு நாள் கூலியும் போய்விடும்.

பல் துலக்கும்போதும் கிருமிகள் இரத்தத்தில் கலப்பதுண்டு, முரசு வீங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக. அதனால் இருதய நோயாளிக்குத் தினமும் இரண்டு தடவை துலக்குவது மாத்திரையைவிட முக்கியம்.

இப்படியானவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் நாட்கணக்கில் விட்டுவிட்டு வந்தால், வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். முதலில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.